பழைய கார் வாங்கப் போகிறீர்களா? மேட்டில் ஏற்றிப் பாருங்கள்!



அம்பூரி, வெள்ளறடை, பாறசாலை, நெய்யாற்றின்கரை முதலான எல்லைக் கிராமங்களை விட்டுப் பிழைப்புக்காகச் சென்னையிலும் பெங்களூரிலும் குடியேறியிருக்கிற நம்முடைய குடும்பங்கள் பலவற்றில், பிள்ளைகளின் படிப்புக்கும் சொந்த வீட்டுக்கும் அடுத்தபடியாக இன்று ஜெபக் குறிப்பாக நிற்பது ஒரு கார். இதில் ஆடம்பரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பிள்ளைகளையும் முழங்கால் வலியுள்ள தாயாரையும் ஒரே ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஆராதனைக்குப் போக முடியாது. மழைக்காலத்தில் வேலைக்குப் போய்த் திரும்புவதும் பாடாயிருக்கிறது. புதிய காரின் விலை எட்டவில்லை. ஆகவே பழைய கார் ஒன்றை, அதுவும் கியர் மாற்றி ஓட்டும் சாதாரணக் காரை, வாங்கலாம் என்று தீர்மானிக்கிறார்கள். நல்ல தீர்மானம்தான். ஆனால் அந்தத் தீர்மானத்துக்கும் சாவி கைக்கு வருவதற்கும் இடையே செய்யவேண்டியவை சில உண்டு.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதைப் பற்றி லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் பேசியிருக்கிறார். பழைய கார் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கணக்கிடுவது விற்பவர் சொல்லும் விலையை மட்டுமே. அது காரின் விலையன்று. காரின் விலையில் ஒரு பகுதி. பெயர் மாற்றக் கட்டணம், காப்பீடு, தேய்ந்துபோன டயர்கள், பேட்டரி, கிளட்ச் தட்டு, முதல் சர்வீஸ் ஆகிய எல்லாம் முதல் மூன்று மாதத்துக்குள் வந்து வாசலில் நிற்கும். ஆகையால் உங்கள் கையில் 3 லட்சம் ரூபாய் இருந்தால் 2½ லட்சத்துக்குள் கிடைக்கிற காரைப் பாருங்கள். மீதி 50 ஆயிரத்தை அந்தக் காருக்கென்றே ஒதுக்கி வையுங்கள். அதைக்கூடச் சேர்த்து விலையாகக் கொடுத்துவிட்டு, பிறகு டயருக்காகக் கைமாற்று கேட்டு நிற்பவர்களை எல்லாச் சபைகளிலும் காணலாம்.

வட்டிக்குக் கடன் வாங்கிப் பழைய கார் வாங்குவதைக் குறித்து ஒரு வார்த்தை. பழைய காருக்கான கடனுக்கு வங்கிகள் புதிய காருக்கு வாங்குவதைவிட அதிக வட்டி வாங்குகின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் சரக்கு மற்றும் சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டுவிட்டது. ஆகவே இரண்டு மூன்று வருடமே ஓடிய காரைக் கடனில் வாங்க நினைப்பவர்கள், அதே மாதிரிப் புதிய காரின் இன்றைய விலையையும் வட்டியையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது. பழைய விலைப் பட்டியலை வைத்துக்கொண்டு பேசுகிற புரோக்கர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சமவெளியில் தெரியாத குறை

நம் ஊர்க்காரர்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. சென்னை தட்டையான ஊர். அங்கே ஒரு கார் கிளட்ச் தேய்ந்த நிலையிலேயே பல மாதங்கள் குறை சொல்லாமல் ஓடிவிடும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஐந்து பேரும் பெட்டிகளும் பலகார டின்களுமாக 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, பனச்சமூடு தாண்டி, ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே அம்பூரி மேட்டில் ஏறும்போதுதான் அந்தக் குறை வெளிப்படும். நெய்யாறு நீர்த்தேக்கத்தை ஒட்டிய மலையடிவாரம் அது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் இடம். 2001 நவம்பர் 9-ஆம் தேதி இரவு அம்பூரியில் ஏற்பட்ட நிலச்சரிவில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட சரிவில், மழை இரவில், பின்னிருக்கையில் குழந்தைகள் இருக்கையில், மேலே ஏறவும் முடியாமல் பிரேக்கும் பிடிக்காமல் நிற்கிற காரை நினைத்துப் பாருங்கள். உங்கள் கார் தினந்தோறும் ஓடப்போவது நகரத்தில்தான். ஆனாலும் அதைச் சோதிக்கவேண்டிய இடம் மேடு.

கையால் கியர் மாற்றும் காரையே நாம் விரும்புவதற்கும் இதுவே காரணம். தானாகக் கியர் மாற்றும் ஏ.எம்.டி. அமைப்பு 2014-இல் மாருதி செலேரியோ மூலம் நம் நாட்டுச் சிறிய கார்களில் வந்தது. புதிதாக இருக்கும்போது அது வசதியானதே. பழசானபின் அதன் மின்னணுப் பாகங்கள் பழுதானால் கம்பெனி ஒர்க்ஷாப்பையே தேடிப் போகவேண்டும், செலவும் கூடுதல். சாதாரணக் கியர் காரின் கிளட்ச் தட்டையோ அருமனையிலும் வெள்ளறடையிலும் உள்ள மெக்கானிக் ஒரே நாளில் மாற்றிக் கொடுத்துவிடுவார். இறக்கத்தில் சிறிய கியரில் போட்டால் எஞ்சினே காரைப் பிடித்து நிறுத்தும். இடது முழங்காலில் வலி உள்ளவர்கள் மட்டும் நகர நெரிசலில் நாளொன்றுக்கு நூறு முறை கிளட்ச் மிதிக்க இயலுமா என்று யோசித்துக்கொள்ளட்டும்.

கிளட்சைச் சோதிக்கும் முறை எளிது. முன்னும் பின்னும் ஆளில்லாத வெற்றிடத்தில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாம் கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தபடி கிளட்சை மெதுவாக விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் உடனே திணறி அணைந்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் தட்டு வழுக்குகிறது என்று பொருள். ஒரே முறை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் விற்பவரின் கிளட்சை நீங்களே கெடுத்தவராவீர்கள். பிறகு ஒரு மேட்டில் மூன்றாம் கியரில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் உயர்ந்து வேகம் உயரவில்லை என்றாலும், கருகிய வாசனை வந்தாலும் அதே குறைதான். சென்னையில் மேட்டுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். வணிக வளாகங்களின் தரையடி வாகன நிறுத்தத்திலிருந்து மேலே வரும் சரிவுப் பாதை போதும். மேம்பாலத்தின் நடுவில் நிறுத்திச் சோதிக்கவேண்டாம்.

காதையும் பயன்படுத்துங்கள். கார் நியூட்ரலில் நிற்கும்போது கிளட்சை மிதித்தவுடன் இரைச்சல் பிறந்தால் கிளட்ச் பேரிங் தேய்ந்திருக்கிறது; அது கிளட்ச் தட்டோடு சேர்த்து மாற்றிவிடக்கூடியது. மாறாக, மிதிக்காதபோது இரைச்சல் இருந்து மிதித்தவுடன் நின்றுவிட்டால் குறை கியர்பாக்சுக்குள்ளே இருக்கிறது. அது பெரிய செலவு. அவ்வாறே ஓட்டத்தில் இரண்டாம் கியருக்கு இறக்கும்போது உராயும் ஓசை கேட்கிறதா என்றும், இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் கியர் தண்டு தானாக நியூட்ரலுக்குத் துள்ளி வருகிறதா என்றும் பாருங்கள். துள்ளி வருமானால், விலை எவ்வளவு குறைவாயிருந்தாலும் அந்தக் காரை விட்டுவிடுங்கள். இறக்கத்தில் கியர் கழன்ற கார் என்ன செய்யும் என்பதை அம்பூரிக்காரர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

பார்க்கப் போவதற்கு முன்பே, நாங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யவேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாயிருந்தால் ஏதோ ஒன்றை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு. சைலன்சரில் நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை தொடர்ந்து வந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் எண்ணை மாற்றி வைப்பது இன்றைய மின்னணு மீட்டரிலும் நடக்கிறது. பத்து வருடக் கார் 35 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்றால், பிரேக் மிதியின் ரப்பர், ஸ்டியரிங்கின் தோல், ஓட்டுநர் இருக்கையின் ஓரம் ஆகியவை அதை ஒப்புக்கொள்கின்றனவா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்ட டயர் என்று பொருள். பள்ளம் நிறைய இருந்தாலும் அது முதுமையடைந்த ரப்பரே.

வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் தனி ஆபத்து. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில், 2018 ஆகஸ்டில் கேரளத்தில், ஏராளமான கார்கள் நீரில் நின்றன. காப்பீட்டு நிறுவனங்கள் முழு நஷ்டம் என்று கழித்த கார்கள் ஏலத்தில் போய், கழுவித் துடைக்கப்பட்டு, வேறு ஊரில் விற்பனைக்கு வருவதுண்டு. இருக்கைப் பட்டையை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். அடிநுனியில் சேற்றுக் கறை இருக்கும். இருக்கைத் தண்டவாளத்தின் திருகாணிகளில் துரு இருக்கும். கம்பளத்தைத் தூக்கினால் வாசனையே சொல்லிவிடும்.

எந்தக் கார்?

சென்னையில் நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர், மாதத்துக்கு 25 நாள் என்று வைத்தால் 750 கிலோமீட்டர். ஆராதனைக்கும் கூட்டங்களுக்கும் சேர்த்து 850 என்று கொள்வோம். நெரிசலில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் ஏறத்தாழ 57 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் 5,700 ரூபாய். இந்த அளவு ஓட்டத்துக்கு டீசல் கார் வேண்டாம். அதன் பழுதுச் செலவு மிச்சத்தை விழுங்கிவிடும். மாருதி நிறுவனம் 2020 ஏப்ரலோடு டீசல் கார்களையே நிறுத்திவிட்டது.

இருவர் மட்டும் போய்வர ஆல்டோ 800 போதும். ஆனால் அதன் 796 சி.சி. எஞ்சின், ஐந்து பேரையும் ஏ.சி.யையும் சுமந்துகொண்டு அம்பூரியில் ஏறும்போது பெருமூச்சு விடும். 1000 முதல் 1200 சி.சி. வரையுள்ள வேகன்-ஆர், ஆல்டோ கே10, ஸ்விஃப்ட், ஹூண்டாய் கிராண்ட் ஐ10, டாட்டா டியாகோ ஆகியவை நம் இரண்டு தேவைக்கும் பொருந்தும். செவ்ரோலெட் 2017 முடிவில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-இல் இங்கே உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தது. அவற்றின் கார்கள் மலிவாகக் கிடைக்கும், பல நன்றாகவும் ஓடும். உதிரிப் பாகம் உங்கள் மெக்கானிக்கிடம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

தேர்வில் விலையைவிட முக்கியமான ஒரு தேதி உண்டு. 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவின் சிறிய கார்களை மோதிச் சோதித்தபோது, காற்றுப்பை இல்லாத ஆல்டோ 800, ஐ10, ஸ்விஃப்ட் முதலியவை பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. 2019 ஏப்ரலில் எல்லாப் புதிய கார்களுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும், அதே ஆண்டு ஜூலையில் ஓட்டுநர் காற்றுப்பையும் கட்டாயமாக்கப்பட்டன. ஆகவே முடிந்தால் 2019 ஜூலைக்குப் பின் செய்யப்பட்ட காரையே தேடுங்கள். நனைந்த இறக்கத்தில் பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காப்பது ஏ.பி.எஸ்.தான். இசைப்பெட்டியும் அலாய் சக்கரமும் உள்ள 2013-ஆம் ஆண்டுக் காரைவிட, ஒன்றுமில்லாத 2019-ஆம் ஆண்டுக் கார் மேல் என்பதே என் எண்ணம். சபை முற்றத்தில் நிறுத்தும்போது எது பளபளக்கிறது என்பது ஒரு கேள்வியே அல்ல.

பதினைந்து வயதை நெருங்கும் காருக்கு மேலும் ஒரு செலவு உண்டு. பதிவுச் சான்றைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் மத்திய அரசுக் கட்டணமே 5,000 ரூபாய். இருபது வயதைக் கடந்த காருக்கு 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய். பசுமை வரி தனி. 2023 ஏப்ரலுக்கு முன் செய்யப்பட்ட கார்களில் பல, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென்று வடிவமைக்கப்படாதவை. அவற்றின் எரிபொருள் குழாய்களையும் ரப்பர் வளையங்களையும் முதல் சர்வீசிலேயே பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லைக்கோடும் பதிவு எண்ணும்

1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. ஆகவே பனச்சமூட்டில் நிற்கும் நமக்கு மார்த்தாண்டத்து டி.என்.75 காரும் பாறசாலையின் கே.எல்.19 காரும் ஒரே தூரத்தில் கிடைக்கும். (அம்பூரி சேர்ந்துள்ள காட்டாக்கடைக்குக் கே.எல்.74, நாகர்கோவிலுக்கு டி.என்.74 என்று எண்கூட ஒன்றாய் அமைந்தது வேடிக்கை.) சட்டத்துக்கோ அவை இரண்டு உலகம். ஒரு மாநிலத்தில் பதிவான காரை மற்றொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவு எண் வாங்கவேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்றும், புதிய மாநிலத்தின் வரியும் வேண்டும். பழைய மாநிலத்தில் கட்டிய வரியின் மீதியைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம்; அதற்கு நடையும் பொறுமையும் தேவை. எந்த மாநிலத்தில் அந்தக் கார் அதிக இரவுகள் நிற்கப்போகிறதோ அந்த மாநிலத்துக் காரையே வாங்குங்கள். ஊரில் பத்தாயிரம் குறைவாகக் கிடைத்தது என்று கேரளக் காரைச் சென்னைக்குக் கொண்டுபோகிறவர் வரியில் அதைவிட அதிகம் கொடுக்க நேரிடும்.

இனி, நம் சபைகளில் சாதாரணமாக நடக்கிற ஒரு காரியத்தைச் சொல்லவேண்டும். விசுவாசி விற்கிறார், விசுவாசி வாங்குகிறார். பணம் கைமாறுகிறது, ஜெபம் செய்து சாவி கொடுக்கப்படுகிறது, பெயர் மட்டும் மாறுவதில்லை. நம்பிக்கை இருக்கும்போது தாள் எதற்கு என்கிறார்கள். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கைக் கேளுங்கள். ஒருவர் தம் காரை 2007-இல் விற்றுவிட்டார். அது பலர் கைமாறியது. 2009-இல் அந்தக் கார் மோதி ஒரு சிறுவன் இறந்தான். காப்பீடு இல்லை. இழப்பீடு கொடுக்கவேண்டியவர், அன்றைய தேதியில் பதிவேட்டில் எவர் பெயர் இருந்ததோ அவரே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்று இரண்டு வருடமாகியும் பாரம் முதல் மனிதர் மேலேயே விழுந்தது. ஆகவே பெயர் மாற்றம் என்பது உங்களுக்கு விற்கிற சகோதரனுக்கு நீங்கள் செய்யவேண்டிய கடமை. விற்பவர் அதே மாநிலமென்றால் 14 நாளுக்குள், வேறு மாநிலமென்றால் 45 நாளுக்குள் தெரிவிக்கவேண்டும். வாங்குகிறவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். விண்ணப்பத்தின்போது விற்பவரின் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. தேவைப்படக்கூடும், அவர் வளைகுடாவுக்குப் புறப்படுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். புரோக்கரிடம் வாங்கினால், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று அவரிடம் உண்டா என்று கேளுங்கள்.

ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் தீர்ந்த கடிதமும் படிவம் 35-உம் இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்கவேண்டாம். நிலுவை அபராதம், காப்பீட்டுத் தேதி, எத்தனையாவது உரிமையாளர் என்பவற்றைப் பரிவாகன் இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொண்டு பார்த்துவிடலாம்.

சகோதரர் விற்கும் காரைச் சோதிக்கக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு. கூச்சம் வேண்டாம், மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். வாங்குகிறவர்கள் விலையைக் குறைக்கப் பொருளைப் பழித்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் அதையே புகழ்ந்துகொள்வதை நீதிமொழிகள் 20:14 நகைக்கிறது. அந்தத் தந்திரமும் நமக்கு வேண்டியதில்லை. விற்பதிலும் வாங்குவதிலும் ஒருவரையொருவர் வஞ்சிக்கலாகாது என்பது லேவியராகமம் 25:14-இன் கட்டளை. அது இரு பக்கத்தையும் கட்டும். கண்ட குறையைச் சொல்லி, அதற்காகும் செலவைச் சொல்லி, அந்த அளவுக்கு மட்டும் குறைத்துக் கேளுங்கள்.

காப்பீட்டில் நம்மவர் அறியாத ஒன்று உண்டு. ஆராதனைக்குப் போகிற வழியில் இரண்டு தாய்மாரையும் ஒரு வாலிபனையும் ஏற்றிக்கொள்வது நம் வழக்கம். மிகக் குறைந்த தொகைக்குக் கிடைக்கும் மூன்றாம் நபர்க் காப்பீடு மட்டும் இருக்குமானால், சொந்தக் காரில் இலவசமாக ஏறியவர்களுக்கு நேரும் காயத்துக்கு அதில் பொதுவாக இடமில்லை. முழுமைக் காப்பீட்டில் உண்டு. சில ஆயிரம் கூடினாலும் அதையே எடுங்கள். கார் வாங்கிய 14 நாளுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய உரிமையாளரின் போனஸ் சலுகை அவரோடே போய்விடும். ஃபாஸ்டாகும் அப்படியே. அவர் தமது கணக்கை மூடவும், நீங்கள் புதிய ஆர்.சி.யைக் காட்டிப் புதிதாக வாங்கவும் வேண்டும்.

முதல் முறை ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின வாரம் பிரேக் எண்ணெயையும் பிரேக் கட்டைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். அம்பூரியிலிருந்து இறங்கும்போது, எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் போட்டு உருட்டுகிற பழக்கம் நம் ஊர் ஓட்டுநர்கள் சிலரிடம் கார்புரேட்டர் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைய இஞ்செக்ஷன் எஞ்சின், கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கும்போது பெட்ரோலைத் தானே நிறுத்திக்கொள்கிறது. நியூட்ரலில்தான் எஞ்சினை அணையாமல் வைக்கப் பெட்ரோல் செலவாகிறது, காரின் பாரமும் முழுவதுமாகச் சூடேறிய பிரேக்கின்மேல் விழுகிறது.